ஒத்த டிக்கு

நீங்க கோயமுத்தூர் வரைக்குமா? நல்லதாப் போச்சு. பாதியில இறங்குறவங்க பக்கத்துல உக்காந்தா நம்ம பேச்சும் பாதியில நின்னுரும். அந்தப் பையைக் காலால தள்ளிராதீங்க தாயி, உளுந்தும் கருப்பட்டியும் இருக்கு, நடுவுல நல்லெண்ணெய்ப் பாட்டில். என் மருமகளுக்கு. இடுப்பு பலத்துக்குக் களி கிண்டிக் குடுக்கணும். நாலு மாசம் பிந்திப் போச்சு, ஆனாலும் குடுக்கணும்ல.

முதல்ல எனக்கு ஒரு உதவி பண்ணுங்க. நீங்க போன்ல கெட்டிக்காரின்னு பார்த்தாலே தெரியுது, ஆரப்பாளையத்துல ஏறுனதுல இருந்து ரெண்டு கட்டை விரலும் நிக்கலை. என் போனைக் கொஞ்சம் பாருங்க. எங்க ஊரு சாத்தூரு. சாத்தூர்ல ரெண்டு கடை, விருதுநகர்ல ஒரு கடை, மூணு பேருகிட்டயும் காட்டியாச்சு. "போன் நல்லாத்தாம்மா இருக்கு"ங்கிறாங்க. நல்லா இருந்தா நான் எதுக்குப்பா கடைக்கு வாறேன்? விருதுநகர்க்காரன் காசுகூட வாங்கலை. போனைத் திருப்பிக் கையில குடுத்துட்டு, "வீட்டுல பேசிப் பாருங்கம்மா"ன்னான். போன் ரிப்பேருக்கும் வீட்டுக்கும் என்ன சம்பந்தம்? தொழில் தெரியாதவன்.

என்ன கோளாறுன்னா, வாட்ஸப்புல எல்லாருக்கும் மெசேஜ் போயி ரெண்டு டிக்கு விழுது, எம்மகனுக்கு மட்டும் போக மாட்டேங்குது. இந்தா, கற்பகராஜ்னு இருக்கா, அவன்தான். 'சாப்ட்டியாய்யா', ஒத்த டிக்கு. 'மழை பெய்யுதா அங்க', ஒத்த டிக்கு. தீபாவளி வாழ்த்து, ஒத்த டிக்கு. பொங்கல் வாழ்த்து, அதுவும் ஒத்த டிக்கு. போட்டோவும் போயிருச்சு. மாலையும் கழுத்துமா ரெண்டு பேரும் நிக்கிற போட்டோ வச்சிருந்தான், அந்த இடத்துல இப்ப சாம்பல் கலர்ல ஒரு மொட்டைப் பொம்மை நிக்குது. நேரடியாப் போன் போட்டா ஒரு ரிங்கு, அதோட கட். டவர் இல்லைன்னு நினைச்சேன். நாலு மாசமா கோயமுத்தூர்ல டவர் இல்லாமலா இருக்கும்?

முன்னாடி எல்லாம் அவன் எத்தனை மணிக்குக் கடைசியாப் போனைப் பார்த்தான்னு பேருக்குக் கீழயே போட்டிருக்கும். காலையில எந்திரிச்சதும் எனக்கு அதைப் பார்க்கணும். சாமி படத்தைக்கூட அப்புறந்தான் பார்ப்பேன். ராத்திரி ஒரு மணிக்குப் பார்த்திருந்தான்னா, ஏழு மணிக்குப் போன் போட்டு, "ஏன்யா, தூங்கலையா"ன்னு கேட்டுருவேன். மருமகளோடதையும் பார்ப்பேன். அவளையும் கேப்பேன். அக்கறைதான, வேற என்ன. இப்ப அந்த நேரமும் வரலை. கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருக்கு.

அந்த மொட்டைப் பொம்மையையே பார்த்துக்கிட்டு இருக்கீங்க. பாருங்க, நிதானமாப் பாருங்க, அவசரம் இல்லை.

என்னைப் பட்டிக்காடுன்னு நினைச்சிராதீங்க. இருபத்தாறு வருஷம் சத்துணவு அமைப்பாளரா இருந்து ரிட்டையர் ஆனவ நான். கடைசி ஆறேழு வருஷம் எங்க வேலையே போன்லதான். இன்னைக்கு எத்தனை பிள்ளைக சாப்பிடுது, எத்தனை முட்டை, பதினோரு மணிக்குள்ள குரூப்புல போட்டுரணும். எங்க ஒன்றியத்துலயே முதல்ல போடுறவ நான்தான். மத்த அமைப்பாளருகளுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பச் சொல்லிக் குடுத்ததே நான்தான். "குருவம்மாக்கா போன்ல புலி"ம்பாளுக.

உனக்கு எம்மருமக வயசுதான் இருக்கும், நீன்னே சொல்லிக்கிறேன், கோவிச்சுக்காத. அவ பேரு சுகிர்தா. ஈரோட்டுப் பொண்ணு. ஒரே கம்பெனியில வேலை பார்த்து, விரும்பிக் கட்டிக்கிட்டாக. நான் தடுக்கலை. தடுக்கலைன்னு நான் சொன்னா மல்லிகா சிரிப்பா. மல்லிகா என் தங்கச்சி, தூத்துக்குடியில இருக்கா. மூணு மாசம் அவன்கூடப் பேசாம இருந்தேன், அவ்வளவுதான். அதுக்குப் பேரு தடுக்கிறதா?

கல்யாணமாகி மூணாம் வருஷம். போன ஆடி முடிஞ்ச மறு ஞாயித்துக்கிழமை சுகிர்தாவே வீடியோ கால் போட்டா. "அத்தை, உங்களுக்குத்தான் முதல்ல சொல்றேன், எங்கம்மாவுக்குக்கூட இன்னும் சொல்லலை"ன்னா. எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. ஸ்கேன் படத்தையும் அனுப்பி வச்சா. ஒரே கருப்பு, நடுவுல மொச்சை விதையாட்டம் ஒண்ணு. "மூணு மாசம் தாண்டட்டும் அத்தை, அதுவரைக்கும் வெளியில சொல்லாதீங்க"ன்னா. எனக்குத் தெரியாதா? கண்ணு பட்டுரும், மூணு மாசத்துக்கு வாயைத் திறக்கக் கூடாதுன்னு எத்தனை பிள்ளைகளுக்கு நானே சொல்லியிருக்கேன்.

நான் யாருகிட்டயும் சொல்லலை தாயி. கோயில்ல கேட்டாக, ரேஷன் கடையில கேட்டாக, வாயைத் திறக்கலை. ஸ்டேட்டஸ்ல மட்டும் வச்சேன். அது சொல்றதாகுமா? படத்தை வச்சுக் கீழ மூணு பூ. ஒரு எழுத்து எழுதலை. ஒரு நாள்ல தானாப் போயிரும். நூத்தி எம்பத்திரெண்டு பேரு பார்த்தாக. பார்த்தவங்க பேரு வரிசையா வரும்ல, ஒண்ணொண்ணாப் படிச்சேன். கல்யாண வீடு, சடங்கு வீடுன்னு எங்க பார்த்தாலும் "மருமக ஏதும் விசேஷமா இருக்காளா"ன்னு என்னைக் குடைஞ்சாளுகள்ல, அவளுக பேரு அம்புட்டும் இருந்துச்சு. மனசு நிறைஞ்சு போச்சு. பொய் சொல்ல மாட்டேன், அன்னைக்கு மாதிரி நான் என்னைக்கும் சந்தோசமா இருந்ததில்லை.

சாயங்காலம் அவன் போன் போட்டுக் கத்துறான். "எடும்மா அதை. உன்கிட்டச் சொன்னது எங்க தப்பு"ன்னான். எடுத்துட்டேன், அந்த நிமிஷமே எடுத்துட்டேன். ஆனா பெத்தவகிட்ட அப்படியா பேசுறது? நெல்லைக் கொட்டினா அள்ளலாம், சொல்லைக் கொட்டினா அள்ள முடியுமா? அதை அவன்கிட்டச் சொல்லவும் சொன்னேன்.

பதினெட்டாம் நாள் கலைஞ்சு போச்சு.

போனேன், போகாம இருப்பேனா? ஆஸ்பத்திரியில அவ செவுத்தைப் பார்த்துப் படுத்திருந்தா. தலையைத் தடவுனேன், திரும்பலை. டாக்டரம்மா எல்லாரையும் வச்சுக்கிட்டுத்தான் சொன்னாக, இது யாரு தப்பும் இல்லை, கரு சரியா உருவாகலை, நிறையப் பேருக்கு இப்படி ஆகும், அடுத்தது நல்லபடியா நிக்கும்னு. டாக்டரு சொன்னா முடிஞ்சுதுல்ல. ஆனா சம்பந்தியம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாக. அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கலை. ரெண்டாம் நாள் பஸ் ஏறிட்டேன்.

ஒட்டன்சத்திரமா இது? இறங்கி டீ குடிக்கிறதுன்னா குடிச்சுட்டு வா, நான் இடம் பார்த்துக்கிறேன். வேண்டாமா? சரி, கேளு, இனிமேத்தான் விஷயமே இருக்கு.

ஊருக்கு வந்த மறுநாள் மல்லிகாவுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். ஆதங்கத்துல ரெண்டு வார்த்தை. ராத்திரி பூராம் போனும் கையுமா முழிச்சுக்கிட்டு இருந்தா உடம்பு என்னத்துக்காகும், இந்த நேரத்துல ஸ்கூட்டர்ல போகலாமான்னு, ஒரு பெரிய மனுசி சொல்ற மாதிரித்தான். ரெண்டு நிமிஷம் நாப்பது செகண்டு. அனுப்பிட்டுப் பார்த்தா, மேல மல்லிகா பேரு இல்லை. 'நம்ம குடும்பம்'னு இருக்கு. கல்யாணத்தப்ப கற்பகராஜ் ஆரம்பிச்ச குரூப்பு. நாப்பத்திமூணு பேரு. எங்க ஆளுக, ஈரோட்டு ஆளுக, சுகிர்தா, எல்லாரும் அதுலதான். மல்லிகா பேரும் குரூப்பு பேரும் வரிசையில மேலயும் கீழயுமா இருந்திருக்கு, விரல் தப்பிப் போச்சு.

ஆனா நான் பதறலை. வேற யாருமா இருந்தா போனையே அணைச்சுப் போட்டிருப்பாக. நான் அதை அமுக்கிப் பிடிச்சேன், குப்பைத்தொட்டி வந்துச்சு, தொட்டேன். அது என்ன கேட்டுச்சு தெரியுமா? எல்லாருக்கும் அழிக்கவா, எனக்கு மட்டும் அழிக்கவான்னுச்சு. ஒரு நிமிஷம் யோசிச்சேன். எங்க வேலையில முதல் பாடமே இதுதான். உன் மையத்துப் பதிவேட்டுல தப்பு வந்துச்சா, நீ அடிச்சுத் திருத்திக் கையெழுத்துப் போடு. அடுத்த மையத்துப் பதிவேட்டுல கை வச்சே, வேலை போயிரும். ஒருத்தி அப்படிக் கை வச்சு ஆறு மாசம் வீட்டுல உக்காந்தா, என் கண்ணால பார்த்தேன். தப்புப் பண்ணது நான். அடுத்தவங்க போன்ல இருக்கிறதை அழிக்க நான் யாரு? அவங்க பிள்ளைக போட்டோவும் சேர்ந்து போயிட்டா யாரு பதில் சொல்றது? 'எனக்கு மட்டும்'னு குடுத்தேன். மெசேஜ் இருந்த இடம் தெரியலை. அப்பாடான்னு ஒரு சொம்புத் தண்ணி குடிச்சேன்.

உடனே மல்லிகாவுக்குப் போன் போட்டு, மெசேஜ்ல சொன்னதை வாயாலயே சொல்லி முடிச்சேன்.

போனை வச்சா, மல்லிகா மகன் குரூப்புல போட்டிருக்கான், 'பெரியம்மா டெலீட் பண்ணுங்க'ன்னு. 'பண்ணியாச்சு'ன்னு போட்டேன், கட்டை விரல் பொம்மையோட. கொஞ்ச நேரத்துல 'சுகிர்தா வெளியேறினார்'னு வருது. பின்னாடியே அவங்க அம்மா, அதுக்குப் பின்னாடி அவங்க அப்பா. எனக்குக் கோவம்னா கோவம் இல்லை. மூத்தவ ஒருத்தி இருக்கேன்ல, ஒரு வார்த்தை சொல்லாம, பந்தியில பாதியில எந்திரிச்சுப் போற மாதிரியா போறது? 'மரியாதை தெரிஞ்சவங்க மட்டும் இருந்தால் போதும்'னு நானும் போட்டேன்.

அன்னைக்கு ராத்திரி மல்லிகா கூப்பிட்டா. "ஏன்க்கா அப்படிப் பேசுன, அந்தப் பிள்ளை எப்படித் தாங்கும்"னு அழுகிறா. மத்தியானம் அவகிட்டப் போன்ல பேசுனதைத்தான் சொல்றாளாக்கும்னு, "சொன்னது சொன்னதுதான், தப்பா ஒண்ணும் சொல்லலையே"ன்னேன். அவ போனை வச்சுட்டா. அதுக்கப்புறம் அவளும் முன்ன மாதிரி இல்லை. பொங்கலுக்கு ஒருத்தரும் எட்டிப் பார்க்கலை. வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்துட்டாரு, ஒத்த ஆளுக்கு என்ன பொங்கல், பானையை ஏத்தி இறக்குனேன். அப்பத்தான் முடிவு பண்ணேன், போன் கோளாறு போனோட போகட்டும், நேரா போயிருவோம்னு. மாறி மாறிக் கோவிச்சுக்க இதுல என்ன இருக்கு, சொல்லு. நடந்த தப்பை நான் அழிச்சுட்டேன்ல.

என்ன தாயி, ஏன் அப்படிப் பார்க்கிற?

திரும்பச் சொல்லு. 'எனக்கு மட்டும்'னா, என் போன்ல மட்டுமா? அப்ப மத்தவங்க போன்ல?

இல்லை தாயி. நான் அழிச்சேன். இந்தா, குரூப்பைத் திறந்து தேடிப் பாரு. இருக்கா? இல்லைல்ல? அதான் சொல்றேன், இல்லை.

என் போன்ல இல்லை.

இப்ப அழிக்கலாமா? எல்லாருக்கும்னு குடுத்து? ரெண்டு நாளுக்குள்ளதான் முடியுமா. நாலு மாசம் ஆச்சே தாயி.

இரு. கொஞ்சம் இரு. அப்ப மல்லிகா மகன் டெலீட் பண்ணுங்கன்னு சொல்றப்ப அது எல்லாரு கையிலயும் இருந்திருக்கு. நான் பண்ணியாச்சுன்னு கட்டை விரலைக் காட்டியிருக்கேன். சுகிர்தா மரியாதை தெரியாமப் போகலை. கேட்டுட்டுப் போயிருக்கா. அவ போன பின்னாடி நான் மரியாதையைப் பத்தி எழுதியிருக்கேன். மல்லிகாகிட்டச் சொன்னது சொன்னதுதான்னுருக்கேன். நான் வேணும்னே பேசி, அழிக்கச் சொல்லியும் அழிக்காம, திமிரா உக்காந்திருக்கேன்னுதான நினைச்சிருப்பாக? நாப்பத்திரெண்டு பேரும் அப்படித்தான நினைச்சிருப்பாக?

அப்ப இந்த ஒத்த டிக்கு?

அவனா? அவனா நிறுத்தி வச்சிருக்கான்? பிளாக்கு, பிளாக்குன்னு சொல்வாகளே, அதுவா இது. நான் அடுத்தவங்க வீட்டுக் கதைன்னுல்ல நினைச்சேன்.

உன்கிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன் தாயி. ரெண்டு வார்த்தைன்னு சொன்னேன்ல. போனைச் சொன்னது நெசந்தான், ஸ்கூட்டரைச் சொன்னதும் நெசந்தான். அதெல்லாம் முதல் அரை நிமிஷம். மிச்சம் ரெண்டு நிமிஷம் என்ன பேசுனேன்னு உனக்குச் சொல்லவே நாக்கு கூசுது. "ஒரு உசுரை மூணு மாசம் வச்சிருக்க வக்கில்லாத வயித்தை எம்மகன் தலையில கட்டிக்கிட்டு வந்திருக்கான்"ன்னேன். "இன்னும் ஒரு வருஷம் பார்ப்பேன், இல்லைன்னா வேற பொண்ணு பார்க்க வேண்டியதுதான்"ன்னேன். இன்னும் ஒண்ணும் சொன்னேன், அது உனக்கு வேண்டாம், நீயும் இன்னொரு வீட்டுக்கு வாழப் போற பொண்ணு.

ஏன் சொன்னேன்னு கேளு. கேளு, நானே சொல்றேன். படத்தை ஊருக்குக் காட்டுனது நான். காட்டுன பதினெட்டாம் நாள் போச்சு. சம்பந்தியம்மா பார்த்த பார்வை அதுதான். யாராவது விரலை நீட்டுறதா இருந்தா என் பக்கந்தான நீட்டுவாக? அதுக்கு முன்னாடி நான் அவ பக்கம் நீட்டிக்கிட்டேன். டாக்டரம்மா யாரு தப்பும் இல்லைன்னாக. நான் நம்பலை. அந்த உசுரை நான்தான் தின்னுட்டேன்னு எனக்குள்ள ஒண்ணு கத்திக்கிட்டே இருந்துச்சு. அதோட வாயை மூட அவளைப் பேசுனேன். அவ யாருக்கும் முன்னாடி என்கிட்டத்தான் சொன்னா தாயி. அவளைப் பெத்தவளுக்குச் சொல்றதுக்கு முன்னாடி எனக்குச் சொன்னா.

எத்தனை தடவை கேட்டிருப்பா அதை? ஒரு தடவையோட விட்டிருப்பாளா? நானா இருந்தா விடமாட்டேன். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு அழுதிருப்பேன்.

உன் போனைக் குடுக்கிறியா? அவன் நம்பர் எனக்கு மனப்பாடம், என் போன்ல போனாத்தான கட் ஆகும். நீயே போடு, நான் நம்பரைச் சொல்றேன். ரிங் போகுதா? முழுசாப் போகுதா?

அவன்தான். குரல் அப்படியே இருக்கு. 'யாருங்க'ங்கிறான். நீ பேசு. சாத்தூர் அம்மா பஸ்ஸுல வந்துக்கிட்டு இருக்காகன்னு சொல்லு. எனக்குக் குடுக்காத, வேண்டாம், வேண்டாம். அவனுக்கு இல்லை, சுகிர்தாகிட்டக் குடுக்கச் சொல்லு.

என்னங்கிறான்? அவ பக்கத்துலதான் இருக்காளா? என்ன சொல்றா? மறைக்காமச் சொல்லு தாயி, நான் ஒண்ணும் செத்துற மாட்டேன்.

"அந்தக் குரலை இனிமே என்னால கேட்க முடியாது"ன்னாளா. அப்படியேதான் சொன்னாளா.

ஞாயந்தான். அவ சொல்றது ஞாயந்தான்.

அப்ப நான் பேச வரலைன்னு சொல்லு. ஒரு வார்த்தை பேச மாட்டேன். மன்னிச்சுக்கன்னுகூடச் சொல்ல மாட்டேன். வந்து அவ முன்னாடி உக்காந்துக்கிறேன். அவ பேசட்டும். என்னை என்னென்ன கேட்கணுமோ கேட்கட்டும், வையட்டும், நான் வாயைத் திறக்காமக் கேட்டுக்கிறேன். அதுக்குக் கதவைத் திறப்பாளான்னு கேளு.

கேளு தாயி. வச்சிரப் போறான், கேளு.